வேரோடு பிடுங்கிய வல்லாரை

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒன்பது வயதில் நான் வைத்தியம் பார்த்தேன். நோயாளி என் அம்மா. மருந்து வல்லாரை. அதற்காக நான் வைத்திருந்த குறிப்புக் கொப்பி இன்றும் என்னிடம் இருக்கிறது. நாள், நேரம், எத்தனை பிடி இலை என்று ஒன்றையும் விடவில்லை.

தம்பி பிறந்து பதினோராம் நாள் இறந்துபோனான். அப்பாவும் லயத்து ஆண்களும் அவனைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், ஓடைக்கு மேலுள்ள சரிவில் புதைத்தார்கள். எங்கள் தோட்டத்தில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. பள்ளிக்கூடம் போகும் வழி என்பதால் நான் மட்டும் அந்த மண்மேட்டைப் பார்த்திருந்தேன்.

அன்றிலிருந்து அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தூக்கமில்லை, சாப்பாடில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று திடீரென எழுந்து உட்காருவாள். பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரைகள் தகரப் பெட்டியின் மேல் அப்படியே கிடந்தன. கடைசியில் அப்பாவின் அக்கா, என் அத்தை, கீழ்க் கிராமத்துச் சிங்கள வைத்தியரிடம் போய்வந்தாள். மனத் தளர்ச்சிக்கும் பயத்துக்கும் வல்லாரையை வேரோடு பிடுங்கி இடித்துக் கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டுமாம். பிடுங்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

மறுநாள் பை நிறையக் கொண்டுவந்தேன். அத்தை அதைக் கொட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, இது என்ன தேயிலைக் கொழுந்தா? முத்தலைத் தள்ளிட்டு இளசாக் கிள்ளிக்கிட்டு வந்திருக்க! வேரு எங்க? கணக்கப்பிள்ளையக் கூப்பிடு, ஒனக்கு அரை நாள் பேரு போட்டுப் பாதிச் சம்பளம் குடுக்கட்டும்!"

இலை பறிப்பதென்றால் நுனியைக் கிள்ளுவது என்றுதான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். "வேரைப் புடுங்கிட்டா நாளைக்கு எதைக் கிள்ளுறது?" என்று கேட்கவும் செய்தேன்.

சுவர்ப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எங்கடி கிள்ளுன?"

"ஓடையிலதான்மா. தம்பி மேட்டுக்கு நேர் கீழ."

அம்மா எழுந்தாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். "புள்ளைக்குப் புடுங்கத் தெரியலங்க அண்ணி. நான் போய்க் காட்டிட்டு வாறேன்."

அத்தை அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "போய்ட்டு வா. குளிருது, கம்பளியப் போத்திக்க."

அதன்பின் தினமும் விடிந்ததும் நாங்கள் இருவரும் போனோம். லயத்துக் குழாயடியிலேயே வல்லாரை அடர்ந்து கிடப்பதை அம்மாவிடம் சொன்னேன். ஓடையில் உள்ளதுதான் மருந்துக்கு ஆகும் என்றாள். வேரை அலசும்படி என்னை ஓடையில் உட்கார வைத்துவிட்டு, அவள் மட்டும் சரிவில் ஏறுவாள். நான் எல்லா வேரையும் இரண்டு முறை அலசி முடித்த பிறகுதான் இறங்கி வருவாள். அவள் கையில் ஓர் இலைகூட இருக்காது.

ஒன்பதாம் நாள் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தாள். இருபத்தோராம் நாள் இரண்டு ரொட்டி சாப்பிட்டாள். நாற்பத்து மூன்றாம் நாள் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். 'நோயாளி குணம்' என்று எழுதி, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டேன். என் மருந்தின்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

கொப்பியில் ஒவ்வொரு நாள் குறிப்புக்கும் அடியில் அதே வரி, அதே குண்டு எழுத்தில் இருக்கிறது:

'அம்மா மேட்டிலும் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.'