இலுப்பூரில் ஆவுடைச்செல்வி பத்திரம் வாசித்த நாள்

கரூரில் திரைச்சீலை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து கதை படிப்போம். ஒருத்தி வாசிப்பாள், மற்ற மூவரும் சாப்பிட்டுக்கொண்டே கேட்போம். எத்தனையோ பேருடைய கதைகளைப் படித்துவிட்டோம். ஆனால் ஆவுடைச்செல்வியின் சிறுகதைத் தொகுப்பின் கடைசிக் கதையை முடித்த அன்று நாலு பேரும் கை காயக் காய உட்கார்ந்திருந்தோம். மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை. "இந்தம்மாவ ஒருக்கா நேர்ல பாக்கோணும்" என்றாள் எங்களில் மூத்தவள்.

புத்தகத்தில் போட்டோ இல்லை. 'புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூரில் வசிக்கிறார்' என்ற ஒரு வரிதான் இருந்தது. பதிப்பகத்தின் வழியாக ஒரு கடிதம் போட்டேன். மூன்று வாரம் கழித்து அஞ்சலட்டை வந்தது: 'வாருங்கள். வேலை நாளில் வந்தால் நல்லது. வீட்டில் என்னைப் பிடிப்பது கஷ்டம்.' அவ்வளவுதான். முகவரி எழுத மறந்துவிட்டார். இன்னொரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். அதுவரை யார் பொறுத்திருப்பது? மற்ற மூவருக்கும் லீவு கிடைக்கவில்லை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை நான் மட்டும் கிளம்பினேன்.

காலை 5.10க்குக் கரூரில் பஸ் ஏறினேன். 7.20க்குத் திருச்சி. அங்கிருந்து புதுக்கோட்டை பஸ். 8.55க்குப் போய் இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டேன். 9.30க்கு அன்னவாசல் வழியாகப் போகும் இலுப்பூர் பஸ் கிடைத்தது. ஏறக்குறைய 27 கிலோமீட்டர், 55 நிமிடம். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத வண்டி என்பதால் டிக்கெட் எடுக்கவில்லை. இத்தனை சுற்றுத் தேவையே இல்லை, திருச்சியிலிருந்து விராலிமலை போய் அங்கே மாறினால் சீக்கிரமாகவே இலுப்பூர் போயிருக்கலாம் என்பது பக்கத்து இருக்கைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. நீங்கள் விராலிமலை வழியாகவே போங்கள்.

சித்தன்னவாசல் பிரிவு வந்தபோது, ஓவியம் பார்க்கப் போகும் ஒரு குடும்பம் இறங்கியது. வேறொரு நாளாக இருந்தால் நானும் இறங்கியிருப்பேன். அன்று மடியில் புத்தகம், பையில் நாலு பேரும் சேர்ந்து எழுதிய கேள்வித்தாள். பஸ் கொஞ்சம் மெதுவாகப் போனாலும் எனக்குக் கோபம் வந்தது.

இலுப்பூரில் இறங்கியதும் ஆட்டோ ஸ்டாண்டில் நின்ற முதல் டிரைவரிடம் கேட்டேன். ஐம்பது வயது இருக்கும். காது மடலில் பேனா செருகியிருந்தார்.

"எழுத்தாளர் ஆவுடைச்செல்வி வீட்டுக்குப் போகணுங்க."

"ரைட்டரா? ஸ்டேசன் ரைட்டரா, பத்திர ரைட்டரா?"

"ரெண்டும் இல்லைங்க. கதை எழுதுற ரைட்டர்."

அவர் யோசித்தார். பக்கத்து ஆட்டோக்காரரிடமும் கேட்டுப் பார்த்தார். அவரும் உதட்டைப் பிதுக்கினார். "கதை எழுதுற ஆளு நம்ம ஊர்ல ஆரும் இல்லைங்களே. பத்திர ஆபீசுக்கிட்ட செல்வியக்கான்னு ஒருத்தவுக இருக்காக. எங்க வீட்டுப் பத்திரமும் அவுகதான் எழுதுனாக. அவுகளுக்குத் தெரியாத ஆளு இந்தச் சுத்துப்பட்டுல கெடையாது. அங்கிட்டு விசாரிங்க, வாங்க."

நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இறக்கிவிட்டார். ஜெராக்ஸ் கடைகளுக்கு நடுவே பத்துக்கு எட்டு அளவில் ஓர் அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு பெஞ்சு. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு வேகமாக டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஒக்காருங்க. கிரயமா, தானமா?" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

"பத்திரம் இல்லைங்க. ஆவுடைச்செல்வின்னு ஒரு எழுத்தாளர்... அவங்க வீடு..."

விரல்கள் நின்றன. "கரூரா?"

தலையாட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை என்று உறைத்த பிறகுதான் "ஆமாங்க" என்று வாயைத் திறந்தேன்.

"அட்ரஸ் எழுதாமயா கார்டு போட்டேன்?" என்று திரும்பிச் சிரித்தார்.

இவர்தான்! எங்களை நாலு நாள் தூங்கவிடாமல் செய்தவர், என் கை எட்டும் தூரத்தில், கழுத்தில் பென் டிரைவ் கயிறு தொங்க உட்கார்ந்திருக்கிறார். கரூரிலிருந்து திருச்சி வரை மனப்பாடம் செய்துகொண்டு வந்த நாலு வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அத உள்ள வைங்க தாயி. பன்னெண்டு மணிக்கு ஒரு பத்திரப் பதிவுக்கு டோக்கன் இருக்கு. முடிச்சுட்டுப் பேசுவோம்" என்றார். நான் சுவரோரமாக உட்கார்ந்தேன். மணி 10.50.

பதினொன்றேகாலுக்கு அந்த டோக்கன்காரர்கள் வந்தார்கள். பக்கத்துக் கிராமத்து அக்காவும் தம்பியும். அக்காவின் பெயர் பஞ்சவர்ணம். கணவரை இழந்தவர், அறுபதை நெருங்குகிறவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர். இதெல்லாம் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் அவராகவே சொன்னது. தம்பிக்கு நாற்பத்தைந்து இருக்கும். உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரில் அக்காவின் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். தம்பி அதை அடமானம் வைத்து பேங்கில் லோன் எடுத்து போர்வெல் போடப் போகிறாராம்.

"எங்கன கையெழுத்து வைக்கணும்?" என்றார் பஞ்சவர்ணம்.

"இருங்க. மொதல்ல வாசிச்சுக் காட்டுறேன்."

"எதுக்குக்கா? அது என்னத்தக் கண்டுச்சு?" என்றார் தம்பி, ஆவுடைச்செல்வியிடம்.

"நான் எல்லாருக்கும் வாசிக்கிறதுதான் தம்பி. நிமிசத்துல ஆயிரும்."

ஆவுடைச்செல்வி எழுந்து வந்து பஞ்சவர்ணத்துக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வாசிக்கத் தொடங்கினார். பத்திர பாஷை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், மூச்சு விட இடம் இருக்காது. அவர் வாசித்தபோது அது வேறாக இருந்தது. கிழக்கே இன்னார் புஞ்சை, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே வாய்க்கால் என்று எல்லைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினார். பஞ்சவர்ணத்தின் தலை அந்தந்தத் திசைக்கு லேசாகத் திரும்பியது. "இதற்குட்பட்ட கிணறும் இரண்டு புளியமரங்களும்" என்றபோது, "ஒன்னுதான் இருக்கு, ஒன்ன காத்து சாச்சிருச்சு" என்று திருத்தினார். ஆவுடைச்செல்வி பேனாவால் குறித்துக்கொண்டு மேலே போனார்.

"இனிமேல் மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் பாத்தியமும் இல்லை."

"வாரிசுன்னா ஆரு?"

"ஒங்க மக."

"அவளுக்குமா இல்ல?"

"இல்ல."

வெளியே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. பஞ்சவர்ணம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவுடைச்செல்வியின் கதைகளில் ஒன்றுக்குள் தெரியாமல் நுழைந்து உட்கார்ந்துவிட்டது போல எனக்கு இருந்தது.

"அக்கா, டோக்கன் நேரம் ஆச்சு" என்றார் தம்பி.

"இருடா. எனக்கு வேணாம்னு நான் ஒன்கிட்ட சொன்னேன். எம் மகளுக்கு வேணாம்னு நான் எப்பிடிச் சொல்றது? அவகிட்ட கேக்கலையே."

தம்பி ஆவுடைச்செல்வியின் பக்கம் திரும்பினார். முகம் கறுத்திருந்தது. "எழுதத்தான சொன்னோம்? இப்பிடி நிறுத்தி நிறுத்தி வாசிச்சு ஆள ஏன் கலைக்கிறீங்க?"

"நீங்க சொன்னதத்தான் எழுதுனேன் தம்பி. எழுதுனதத்தான் வாசிச்சேன்."

"இனிமே எங்க ஊர்க்காரன் ஒருத்தன் இந்தக் கடைப் படி ஏற மாட்டான், பாத்துக்கங்க!"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார். ஆவுடைச்செல்வி பேனாவை மூடி வைத்தார். பஞ்சவர்ணம் முந்தானையில் முடிந்திருந்த போனை எடுத்து என்னிடம் கொடுத்து, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகளுக்குப் போடச் சொன்னார். போட்டேன். விஷயத்தைக் கேட்ட மகள், "கையெழுத்து வைக்காதம்மா. ஞாயித்துக்கெழம நான் வாரேன். மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

பன்னிரண்டு மணி டோக்கன் அப்படியே போனது. அரை மணி நேரம் கழித்து தம்பி திரும்பி வந்து வாசலில் நின்றார். கோபம் பாதி வடிந்திருந்தது. "வா, வண்டில ஏறு" என்றார்.

"நீ போ தம்பி. நான் பஸ்ல வாரேன். கெணத்துத் தண்ணிய நீயே பாச்சு, ஆரு வேணாங்குறா? எழுத்துல மட்டும் எம் பேரு கெடக்கட்டும்."

அவர் வண்டிப் பெட்டியிலிருந்து அக்காவின் தூக்குவாளியை எடுத்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் மூன்று பேருக்கும் அந்த வாளியிலிருந்த புளிச்சோறும் ஆவுடைச்செல்வி வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்ச்சோறும்தான் மதியச் சாப்பாடு. சாப்பிடும்போதுதான் நான் கேட்க ஆரம்பித்தேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். காலை நாலரையிலிருந்து ஆறு வரை எழுதுவாராம். முப்பது வருடமாகப் பத்திரம், பதினோரு வருடமாகக் கதை. ஊரில் யாருக்கும் தெரியாது. மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"வேணும்னுதானே அந்த எடத்துல நிறுத்தி வாசிச்சீங்க?" என்றேன்.

"எல்லாருக்கும் அப்பிடித்தான் வாசிப்பேன். பாதிக்கு மேல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போவாக. அது அவுக இஷ்டம்." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "பத்திரத்துல ஒரு பொம்பளைக்கு அப்பா பேரு, புருசன் பேரு, வயசு, ஆதார் நம்பரு. அதுக்குத்தான் எடம். மிச்சமும் இருக்குல்ல? அத வீட்டுக்குப் போயி எழுதுறேன்."

பஞ்சவர்ணம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ எதுக்கு ஆத்தா வந்த? கிரயமா?"

"இல்லைங்கம்மா. இவங்க எழுதுன கதையப் படிச்சுட்டுப் பாக்க வந்தேன்."

"கதையா? இதா எழுதுது?" என்று ஆவுடைச்செல்வியைச் சுட்டினார். "வாசி, கேப்போம்."

ஆவுடைச்செல்வி "அய்யய்யோ" என்று எழுந்து, நிறைந்திருந்த தண்ணீர்க் குடத்தை இன்னொரு தடவை நிரப்பப் போனார். நான் புத்தகத்தைப் பிரித்து முதல் கதையின் நாலு பக்கங்களை வாசித்தேன். கம்பெனியில் வாசிக்கிற பழக்கம் கைகொடுத்தது. மாமியார் வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிடும் ஒரு பெண்ணின் கதை அது. பஞ்சவர்ணம் வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டு மெல்லாமல் கேட்டார். ஓரிடத்தில் சத்தமாகச் சிரித்தார்.

"இந்தப் பொம்பள எந்த ஊரு?"

"கற்பனைதான்மா" என்றார் குடத்தோடு திரும்பி வந்த ஆவுடைச்செல்வி.

"பொய் சொல்லாத. இவள நான் பாத்திருக்கேன்." வெற்றிலையை மென்றார். "என்னையவும் எழுதுவியா?"

"எழுதுனா பேரை மாத்திருவேன். பயப்படாதீங்க."

"எதுக்கு மாத்துற? பேரு இருக்கட்டும். அப்பன் பேரு, புருசன் பேரு எதையும் போடாத. பஞ்சவர்ணம்னு போடு."

"வில்லங்கம் வந்துரும்மா."

"வந்தா வரட்டுமே! இன்னைக்கு வந்ததவிடவா?"

காலையிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு ஆவுடைச்செல்விக்கு அப்போதுதான் வந்தது. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்றரை மணிக்கு நான் கிளம்பினேன். விராலிமலை வழியாகத் திருச்சி, இரவு எட்டேகாலுக்குக் கரூர். கேள்வித்தாளில் இருந்த பதினான்கில் மூன்றுக்குத்தான் பதில் வாங்கியிருந்தேன். மறுநாள் மதியம் நடந்ததைச் சொல்லி முடித்தபோது மற்ற கேள்விகளை யாரும் கேட்கவில்லை. "அந்த மக ஞாயித்துக்கெழம வந்துட்டாளா?" என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். திங்களன்று மாலை ஆவுடைச்செல்விக்குப் போன் செய்து விசாரித்தேன். வந்தாளாம். மாமாவோடு பேசி, பங்கை எழுதிக் கொடுக்காமலே லோனுக்குத் தானும் அம்மாவும் சேர்ந்து கையெழுத்துப் போடலாமா என்று பேங்கில் கேட்டிருக்கிறார்களாம். பதில் இன்னும் வரவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முகூர்த்த நாட்களில் போகாதீர்கள், பத்திர ஆபீஸ் வாசலில் நிற்கவே இடம் இருக்காது. மூன்று மணிக்கு மேல் போனால் டோக்கன் எல்லாம் முடிந்திருக்கும், நிதானமாகப் பேசுவார். சால்வை, பூங்கொத்து எதுவும் வேண்டாம். கடையில் வைக்க இடமில்லை, அவருக்கும் கூச்சம். ஆட்டோவில் 'கதை எழுதுறவங்க' என்று கேட்டுக் குழம்பாதீர்கள், செல்வியக்கா என்றால் போதும். யாருக்காவது பத்திரம் வாசித்துக்கொண்டிருந்தால் குறுக்கே பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். அதற்காகவே இன்னொரு தடவை போவேன்.

இந்தப் பதிவில் எல்லோருடைய பெயரையும் ஊரையும் கொஞ்சம் மறைத்துத்தான் எழுத நினைத்தேன். ஆவுடைச்செல்வி மூலமாகப் பஞ்சவர்ணத்திடம் கேட்டேன். தம்பி ஊர் வேண்டாம், மகள் பெயர் வேண்டாம் என்றார். தன் பெயரை மட்டும் பெரிசாகப் போடச் சொன்னார்.