நிலாவைப் படம் எடுத்த வாரம்

ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பிய பிறகு என் மனைவி அழவில்லை. நானும் அழவில்லை. உதவிக்கு வந்திருந்த மாமியார்தான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். நாங்கள் ஹாலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அலுவலகத்தில் விடுப்பு கொடுத்திருந்தார்கள். ஒரு மாலை டெலஸ்கோப்பையும் லேப்டாப்பையும் மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆசைப்பட்டுப் போகவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் சின்ன கேமராவைப் பொருத்தி, வயரை லேப்டாப்பில் செருகினேன். வெளிச்சம் இன்னும் போகவில்லை. அரை நிலா உச்சியில் வெளுத்துக் கிடந்தது. திரையில் அதன் பள்ளங்கள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் நெளிந்தன.

பின்னால் அவள் வந்து நின்றாள். நைட்டிமேல் துண்டு. மூச்சு வாங்கியது.

"டாக்டர் படி ஏறக் கூடாதுன்னாரே."

"லிஃப்ட்லதான் வந்தேன். கடைசி கொஞ்சம்தான் ஏறினேன்." திரையைப் பார்த்தாள். "ஏன் இப்படி ஆடறது?"

"காத்து. அதான் வீடியோவா எடுக்கறேன். அதுல தெளிவா இருக்கற படத்தை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி, ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிடும்."

"மீதி?"

"தூக்கிப் போட்டுடும்."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. உட்கார நாற்காலி கேட்டாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாள், "நகரு, நான் பண்றேன்" என்று மௌஸை வாங்கிக்கொண்டாள். பகலில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படங்களைத் தெளிவாக்கினாள். ரொம்பக் கூர்மையாக்கினால் பள்ளங்களின் விளிம்பில் பொய்யாக ஒரு வெள்ளைக் கோடு விழும். அதை எனக்கு முன்னால் அவள் கண்டுபிடித்துக் குறைத்தாள். நிலாவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்.

"ரெண்டு பேரும் அதையே வெச்சிண்டு உக்காந்திருக்கேளே, ரசம் ஆறிப்போறது" என்று மாமியார் கூப்பிடுவார். போய்ச் சாப்பிடுவோம். என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வாரக் கடைசியில் மேகம் போட்டுவிட்டது. எடுத்ததில் நல்ல படத்தை அவள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். செய்தி தெரிந்ததிலிருந்து அங்கே யாரும் எதுவும் எழுதவில்லை. காலை வணக்கப் பூக்கள்கூட நின்றுபோயிருந்தன. "நம்மாத்து மாடிலேர்ந்தா?" என்று யாரோ கேட்டார்கள். சற்று நேரத்தில் தி. நகரிலிருந்து அவள் பெரியம்மா போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். படத்தில் வட்ட வட்டமாகத் தெரிவது பள்ளமா மேடா என்று பெரியம்மா கேட்டார். அவள் பொறுமையாக விளக்கினாள். பெரியம்மா குரலைத் தாழ்த்தினார்.

"நீ எப்படிடி இருக்கே?"

"தெரியலை பெரியம்மா. பால் கட்டிண்டு வலிக்கறது."

எனக்குத் தெரியாது. பக்கத்திலேயே படுத்திருந்தும் தெரியாது. மாமியாரும் கரண்டியோடு அப்படியே நின்றார்.

"அம்மாகிட்ட சொல்லக் கூடாதோடி? காத்தால மல்லிப்பூ வாங்கிண்டு வரேன். மார்ல வெச்சுக் கட்டினா பால் வத்திடும்."

காலையில் பெரியம்மா இலைப் பொட்டலத்தோடு வந்தார். மூன்று பெண்களும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் பேச்சுக்குரல் கேட்டது. பிறகு என் மனைவி அழ ஆரம்பித்தாள். வாய்விட்டு, நிறுத்தாமல் அழுதாள். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இன்னும் வரவில்லை.