கோவாவில் பிறக்காத பர்னாந்து

இந்த ஊரில் சாமியார்கள் சிகரெட் பிடிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆஸ்பத்திரியை விட்டு ஊன்றுகோலோடு தெருவுக்கு வந்த முதல் நாள், போர்த்துகீசு நாட்டில் இருக்கும் இந்தக் கோயிம்ப்ராவின் ஏற்றப் பாதை முழுக்கக் கறுப்பு அங்கியாக இருந்தது. தோளிலிருந்து கணுக்கால் வரை தொங்கும் கறுப்புப் போர்வை, உள்ளே கறுப்புக் கோட்டு. போர்வையின் ஓரமெல்லாம் கிழிசல். ஏதோ ஏழைச் சபை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். நம் ராயபுரத்தில் சாமியாரை எதிரே கண்டால் நாம் என்ன செய்வோமோ அதையே நானும் செய்தேன். காபிக் கடை வாசலில் நின்ற ஒருவர் முன்னால், அடிபட்ட காலை நீட்டிக்கொண்டு மற்றக் காலை மடக்கி முழங்கால் போட்டு, "சாமி, ஸ்தோத்திரம்" என்று கையைப் பிடித்து முத்தம் வைத்தேன். வீட்டில் பிரசவ நேரம், ஒரு பூசை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த துறைமுக இங்கிலீஷில் கேட்டேன்.

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. மீசை சரியாக முளைக்காத பையன். சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, என் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினான். அவர்கள் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், அதுதான் அவர்கள் உடுப்பு, ஓரத்தைக் கிழிப்பது வீட்டாரும் நண்பர்களும் பிரியத்துக்குச் செய்வது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் பெயர் ரூயி. சட்டம் படிக்கிறான். அன்று அவன் போட்ட சிலுவை செல்லுமோ செல்லாதோ, சின்னவள் நல்லபடியாகப் பிறந்தாள்.

மேரி, ஜோசப், நான் இன்னும் முகம் பார்க்காத என் சின்னவளே, அப்பா எப்போது வருவீர்கள் என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறீர்கள். ஏன் வர முடியவில்லை என்பதை உங்களுக்கும், வெளிநாட்டில் பிழைக்க அப்பாக்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் தெருப் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் மேரி திருத்திக்கொள்ளட்டும்.

துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டிக்கொண்டிருந்த நான் கப்பலில் போகிறேன் என்று சொன்னபோது உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கிளம்புகிற காலையில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். "புள்ள பொறக்கசொல்ல நீ எங்க கீறியோ, இன்னா செஞ்சிகினு கீறியோ. கடல்காரன நம்பி கழுத்த நீட்னேன் பாரு, என்ன சொல்லணும்" என்றாள். ஒரே வருஷம், ஓடி வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்த கப்பலிலேயே விஞ்சுக் கயிறு அறுந்து காலில் அடித்தது. பிகெய்ரா என்ற சின்னத் துறைமுகத்தில் என்னை இறக்கி, உள்நாட்டில் இருக்கும் இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எனக்கு நினைவு திரும்பியபோது கப்பல் போய்விட்டது. என் காகிதங்களும் அதோடு போய்விட்டன.

அதனால் என்ன, நம் நாட்டு ஆபீஸில் போய்க் கேட்டு வேறு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். இங்கே நம் நாட்டு ஆபீஸ் கிடையாது. இவர்கள் ஆண்டுகொண்டிருந்த கோவாவை நாம் எடுத்துக்கொண்டதிலிருந்து இவர்களுக்கும் நமக்கும் பேச்சு இல்லை. குழாயடியில் சண்டை போட்டு முகம் திருப்பிக்கொண்ட இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டுப் பந்து அந்த வீட்டு முற்றத்தில் விழுந்துவிட்டது. கேட்கவும் ஆள் போகாது, எடுத்துக் கொடுக்கவும் ஆள் வராது. அந்தப் பந்துதான் நான். வேறொரு நாட்டின் ஆபீஸ் நமக்காக லிஸ்பனில் எழுதிக் கேட்கிறது. பதில் இல்லை. வாரா வாரம் நான் போலீஸ் ஆபீஸில் முகம் காட்ட வேண்டும். ஊரைத் தாண்டக் கூடாது, முக்கியமாகக் கடற்கரைப் பக்கம் போகக் கூடாது, காகிதம் இல்லாமலே கப்பல் ஏறிவிடுவேனாம். நம் வீட்டில் உப்புக்காற்று பட்டுக் கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடிக்கும். இங்கே ரயில் ஏறினால் சீக்கிரம் போய்விடக்கூடிய தூரத்தில் கடல் இருக்கிறது, அதன் வாடை கூட எனக்கு எட்டுவதில்லை. பக்கத்து வீட்டில் கோயிம்ப்ராவைக் கோயமுத்தூர் என்று நினைத்துக்கொண்டு, ஒரு ரயில் ஏறி வர இவருக்கு என்ன கேடு என்று பேசுகிறார்களாமே. அம்மா சொல்லச் சொல்ல மேரி எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலேயே பாய்லருக்கு நெருப்புப் போடுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். நல்லவர்கள்தான். துறைமுகச் சங்குக்குப் பதில் இங்கே பல்கலைக்கழகக் கோபுரத்து மணி. அதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ஆடு. ஆடு கத்தினால் கறுப்புப் போர்வைகள் படிக்கட்டுகளில் ஓடும். கருவாட்டை இங்கே யாரும் ஒளிப்பதில்லை. தண்டையார்பேட்டை பஸ்ஸில் அம்மா கருவாட்டுப் பொட்டலம் வைத்திருந்ததற்காகக் கண்டக்டர் இறங்கச் சொன்னது ஜோசப்புக்கு ஞாபகம் இருக்கும். இங்கே பெரிய பேராசிரியர் பலகை போன்ற ஒரு கருவாட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிப் போகிறார். அதைப் பார்க்கும்போது இது நம் ஊர்தானோ என்று தோன்றும். மறு நிமிஷமே மழை பிடித்துக்கொள்ளும், நாள் கணக்கில் விடாது.

வழி கண்டுபிடித்தது ரூயிதான். சூசை பர்னாந்து என்று என் பெயரைக் கேட்டவர்கள் எல்லாரும், பர்னாந்து என்றால் எங்கள் ஆள் அல்லவா, கோவாவா என்றுதான் கேட்பார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன் இவர்களுடைய சாமியார் நம் கடலோரத்தில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர் அது என்று நான் விளக்கிக்கொண்டிருப்பேன். விளக்காதே என்றான் ரூயி. கோவாவில் பிறந்தவர்களை இந்த அரசாங்கம் இன்னும் தன் பிரஜைகள் என்றுதான் சொல்கிறது. கோவாவில் பிறந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் காகிதம் கிடைக்கும், எங்கே வேண்டுமானாலும் போகலாம், குடும்பத்தைக் கூடக் கூப்பிடலாம். எங்கே வேண்டுமானாலும் என்றால் ராயபுரத்துக்குமா என்று கேட்டேன். அந்தக் காகிதத்தோடு இந்தியாவில் மட்டும் கால் வைக்க முடியாது என்றான். பரீட்சையில் தவறினால் அவனையும் ஆப்பிரிக்காவில் இவர்கள் நடத்துகிற சண்டைக்கு அனுப்பிவிடுவார்கள். "நீ போகணும்ங்கிற, விடமாட்டேங்கிறாங்க. நான் போகமாட்டேங்கிறேன், போங்கிறாங்க. ஒரு பொய்யில வெளிய வர முடியும்னா நான் இன்னிக்கே சொல்வேன், சூசை" என்றான்.

இங்கேயே கிடந்து எதற்கும் உதவாமல் போவதைவிட, வேறு நாட்டில் சம்பாதித்து உங்களை அழைத்துக்கொள்வது மேல் என்று மனசைத் தேற்றிக்கொண்டு போலீஸ் ஆபீஸுக்குப் போனேன். ரூயி கூட வந்தான். அந்த அதிகாரி வயசானவர், மரியாதையாக நாற்காலி கொடுத்தார். பெயர் கேட்டார், சொன்னேன். பிறந்த ஊர்? கோவா என்றேன். அவருக்கே சந்தோஷம். பேனாவை எடுத்துக்கொண்டு, அப்பா எங்கே அடக்கம் ஆகியிருக்கிறார் என்று விசாரித்தார். ரூயி அந்தக் கேள்விக்கு என்னைத் தயார் செய்திருக்கவில்லை. "காசிமேடு" என்று வாய் சொல்லிவிட்டது. அப்போதும் காரியம் கெட்டுப்போகவில்லை. அது கோவாவில் எந்தப் பக்கம் என்று அவர் நல்லவிதமாகத்தான் கேட்டார். ரூயி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். தலையை ஆட்டினால் போதும்.

"அது மெட்ராஸ்ல கீது சார்" என்றேன், அவருக்குப் புரியாத தமிழில். பிறகு அவருக்குப் புரிகிற மாதிரியும் சொன்னேன்.

அதை வீரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். என் ஊரை என்னால் மாற்றிச் சொல்ல முடிந்தது. செத்துப்போன மனுஷனைத் தூக்கி இன்னொரு ஊரில் புதைக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, அப்படியானால் காத்திருங்கள் என்றார். எவ்வளவு காலம் என்று அவருக்கும் தெரியவில்லை. ரூயி வெளியே வந்து என்னைத் திட்டினான். திட்டி முடித்ததும் போர்வையைக் கழற்றி என் மேல் போட்டு, மழையில் நனைந்துகொண்டே கூட வந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். நான் வந்த புதிதில் இங்கேயும் பூசை லத்தீன்தான். கண்ணை மூடிக்கொண்டால் ராயபுரம் கோயிலில் நிற்கிற மாதிரியே இருக்கும், பதிலெல்லாம் சரளமாகச் சொல்வேன். இப்போது எல்லாவற்றையும் போர்த்துகீசில் மாற்றிவிட்டார்கள். நம் கோயிலிலும் பூசை தமிழுக்கு வந்துவிட்டது, நாங்கள் எல்லாம் மனப்பாடம் பண்ணிவிட்டோம் என்று மேரி பெருமையாக எழுதியிருந்தாள். சாமியார் எங்கள் பக்கம் திரும்பிக் கைகளை விரித்து, ஆண்டவர் உங்களோடு என்று வாழ்த்தினார். கோயில் முழுக்க அவர்கள் பாஷையில் பதில் எழுந்தது. அது என் வாயில் இன்னும் நுழையவில்லை. நீங்கள் சொல்கிற தமிழ்ப் பதில் என்ன என்பதும் எனக்குத் தெரியாது. நான் மட்டும் பழைய லத்தீனில், "எத் கும் ஸ்பிரித்து தூவோ" என்று கொஞ்சம் பிந்திச் சொல்லி முடித்தேன். முன் பெஞ்சில் ஒரு தாயின் தோள்மேல் கிடந்த குழந்தை, சின்னவள் வயதுதான் இருக்கும், தலையைத் தூக்கி, இந்த ஆள் யார் என்பதுபோல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.