சோற்றிலும் ஒரு வரம்பு

என் நாட்குறிப்பில் அந்தச் சனிக்கிழமைக்கான பதிவு இவ்வளவுதான்: "மகனின் வலீமா. பகல் 12.40, மேசை தூக்கப்பட்டது. 12.45, சிரிப்பு." வலீமா என்பது எங்கள் கலியாண விருந்து. எதையும் நேரத்தோடு குறிப்பது என் பழக்கம். மேசையின் கதையை எழுத அன்று அவகாசம் இருக்கவில்லை.

நாவிதன்வெளிக்கு அப்பால் எனக்குச் சிறிது வயல் உண்டு. வாய்க்காலின் மேல்புறத்து வயல் ஒரு சிங்களக்காரருடையது. இரண்டு போகங்களுக்கு முன் நான் வரம்பை வெட்டியதாக அவரும், அவர் மடையை அடைத்ததாக நானும் சத்தம் போட்டோம். அவர் சிங்களத்தில், நான் தமிழில். சொன்னது பாதிதான் விளங்கியது. கோபம் முழுதாக விளங்கியது. அதன் பிறகு பேச்சில்லை.

கலியாணக் கார்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வருவாரா, வந்தால் மனம் நோகாமல் திரும்புவாரா என்பதே அந்த வாரம் முழுக்க என் கவலை.

வந்தார், மனைவியோடும் ஒரு வாழைக்குலையோடும். மனைவி பெண்கள் பக்கம் போனார்.

எங்கள் விருந்தில் பாயில் இருந்து, ஒரு சகனைச் சுற்றி ஆறு பேர் ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவோம். அந்தப் பெரிய தட்டு அவருக்குக் கூச்சமாக இருக்குமென்று நானே முடிவு செய்து, மின்விசிறிக்குக் கீழே தனி மேசை போட்டிருந்தேன். வெள்ளை விரிப்பு, பீங்கான், கரண்டி, முள்ளுக்கரண்டி. பிறர் வழக்கத்தை மதிப்பது பற்றிப் படித்ததெல்லாம் அந்த மேசையில் இருந்தது.

அவர் முள்ளுக்கரண்டியைப் பார்த்தார். பாயில் இருந்தவர்களைப் பார்த்தார். எழுந்துவிட்டார்.

"நானா, எனக்கு நோய் இருக்கா?" என்று கேட்டார், என்னை எங்கள் வழக்கப்படி அண்ணன் முறையில் அழைத்து, தனக்குத் தெரிந்த தமிழில்.

"என்ன மாத்தயா, அப்பிடிக் கதைக்கிறீங்க?"

"எல்லாரும் அங்க. நான் மட்டும் தனிய."

மரியாதை என்று நான் போட்ட மேசை அவருக்கு இன்னொரு வரம்பாகத் தெரிந்திருக்கிறது. நோகடிக்கக்கூடாதென்ற பயமே நோகடித்துவிட்டது. என் மைத்துனர் பாயிலிருந்து கத்தினார்:

"ஓம் மச்சான், ஆஸ்பத்திரி வார்டு மாதிரித்தான் இரிக்கி! தூக்குங்கடா மேசய!"

மேல்வயல்காரர் சாரத்தை ஒதுக்கி, எனக்கு எதிரே சம்மணமிட்டார். தன் முன்னால் இருந்த சோற்றைத் தவிர ஒரு பருக்கையையும் தொடவில்லை. சகன் வழக்கமும் அதுதான்.

மைத்துனர் விடவில்லை. "வயல் வரம்புக்குச் சண்ட புடிச்ச மனிசன், சோத்து வரம்ப எவ்வளவு நேர்த்தியாக் காக்காரு பாருங்க!"

என் ஓட்டைச் சிங்களத்தில் அதை நான் மொழிபெயர்த்தேன். அவர் குலுங்கிச் சிரித்தார். பிறகு தன் பக்கத்துப் பெரிய கோழித் துண்டை, சோற்றைக் கீறிக்கொண்டு, என் பக்கம் தள்ளினார்.

"தண்ணி நானாட பக்கம் போகட்டும்."

அடுத்த போகத்தில் மடை திறக்குமுன் எனக்குத் தொலைபேசி வந்தது, அவரிடமிருந்து.

சகன் வழக்கம் எப்படித் தெரியுமென்று விருந்தன்று அவர்கள் கிளம்பும்போது வாசலில் கேட்டிருந்தேன். கார்டு கிடைத்த நாளிலிருந்து வீட்டில் தாம்பாளத்தில் சோறு போட்டு, ஒரு வாரம் குடும்பமாகப் பழகியதாகச் சொன்னார். அவர் மனைவி இடைமறித்து ஒற்றை விரலைக் காட்டினார்: ஒரே ஒரு நாள்தான், அன்றும் பாதிச் சோறு பாயில். இரண்டு கூற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். எது சரியென்று இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.