அடித்த அன்று வாங்கிய பொம்மை

பெரம்பலூரில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீட்டில் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வரும் ஆண்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். அவர்கள் விலை கேட்க மாட்டார்கள். விலை கூடிய சேலையாகப் பார்த்து எடுத்து விரிப்பேன். அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குப் பெருமை வேறு.

நானும் அதே ரகம்தான் என்பது உறைக்கவே இல்லை.

காலையில் எங்கள் ஊர் வாலிகண்டபுரத்தில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் சாப்பிடச் சுணங்கினால் முதுகில் ஒன்று வைத்துவிடுவேன். பகலெல்லாம் அவள் அழுத முகமே கண்ணில் நிற்கும். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் பொம்மையோ கேக்கோ சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போவேன். அவள் சிரித்துவிட்டால் என் மனசு ஆறிவிடும்.

போன மாதம் ஒருநாள் தலை பின்னிவிடும்போது கேட்டாள்: “அம்மா, இன்னிக்கு என்னைய அடிக்கிறியா? கலர் பென்சில் தீந்துபோச்சு.”

அன்றைக்கு அடிக்காமலே பென்சில் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது அவளை அடிப்பதில்லை. கடையிலும் வாடிய முகத்தோடு வருகிறவர்களிடம், “என்ன வெலையில பாக்குறீங்க சார்?” என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மகளிடம் கத்திவிட்ட நாளில் வெறுங்கையோடு நேரே வீட்டுக்குப் போய், “அம்மா செஞ்சது தப்புடி” என்கிறேன்.

முதல் தடவை அப்படிச் சொன்னபோது அவள் என் பையைத் திறந்து துழாவினாள். ஒன்றும் இல்லை என்றதும் நிமிர்ந்து பார்த்து, “இன்னும் கோவம் போவலையாம்மா?” என்றாள்.