வெயில் படாத ஜெர்சி

என் தங்கை சிங்கப்பூருக்காகப் பூப்பந்து ஆடுகிறாள். இங்கே, மலேசிய அணியில், அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அங்கே கூப்பிட்டார்கள், போனாள். முதுகில் சிங்கப்பூர் என்று எழுதிய தன் ஜெர்சி ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தாள்.

பாயான் பாருவில் எங்கள் ஃபிளாட்காரர்களுக்கு வாய் நீளம். அவள் ஒரு மலேசியப் பெண்ணை ஜெயித்த மறுநாள், லிஃப்டில் பக்கத்து வீட்டு அக்கா, "உன் தங்கச்சிக்கு நன்றியே இல்லலா" என்றார். நான் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து அந்த ஜெர்சியை வெளிக் கம்பியில் காயப்போடுவதில்லை. அறைக்குள், மின்விசிறிக்கு அடியில்தான்.

தீபாவளிக்கு வந்தவள் அதை எடுத்து முகர்ந்தாள்.

"அண்ணே, ஒரே வாடை. வெயில்ல போடலியா?"

"தினம் மழைலா" என்றேன்.

மறுநாள் வெயில் கொளுத்தியது. எல்லார் துணியையும் அவளே துவைத்து வெளியே காயப்போட்டிருந்தாள். அந்த ஜெர்சி மட்டும் குளியலறைக் கதவுக்குப் பின்னால் சொட்டிக்கொண்டிருந்தது.