கிரேன் ஆபரேட்டருக்கு வந்த கேஸ்

கண்டெய்னர் யார்டில் யாரும் நெஞ்சு வலி என்று சொல்ல மாட்டார்கள். "கேஸ் புடிச்சிக்கிச்சு" என்பார்கள். ஒரு சோடா குடிப்பார்கள், ஏப்பம் வந்தால் வேலைக்குத் திரும்புவார்கள். எண்ணூர் பக்கம் ஒரு யார்டின் முதலுதவி அறையில் நர்ஸாக இருக்கிறேன். இந்தக் கேஸோடு மல்லுக்கட்டியே தலை நரைத்துவிட்டது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக கிரேன் ஆபரேட்டர் பாஸ்கர் விஷயத்தை எழுதுகிறேன்.

அன்று காலை டீ நேரம் முடிந்ததும் சலீம் ஓடி வந்தான். கீழே நின்று வாக்கி டாக்கியில் கிரேன் ஆபரேட்டருக்கு வழி சொல்கிற சிக்னல்மேன் அவன்.

"சிஸ்டர், பாஸ்கர் அண்ணனுக்கு கேஸ் ஏறிக்கினு கீது. ஒரு மாத்திரை குடு."

"எங்க வலிக்குதாம்?"

"நெஞ்சுல. இடது கை மரத்துப் போச்சுன்றாரு. வேர்த்து ஊத்துதாம்."

"ஏசி கேபின்ல வேர்க்குதா?"

யார்டு டாக்டரை போனில் பிடித்துச் சொன்னேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். கிரேன் கேபின் நான்கு மாடி உயரத்தில் இருந்தது, செங்குத்தான இரும்பு ஏணி. சலீமின் வாக்கி டாக்கியை வாங்கினேன்.

"பாஸ்கர், சிஸ்டர் பேசுறேன். அப்படியே உக்காந்திரு. ஏணில கால் வைக்காத."

"பாக்ஸ் தொங்கினு கீது சிஸ்டர். வச்சுட்டு வந்துடறேன்."

இதுதான் இவர்கள் குணம். கண்டெய்னர் பெட்டியைத் தொங்கவிட்டுவிட்டு எந்த ஆபரேட்டரும் சீட்டை விட்டு எழ மாட்டான். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பிரேக் பிடித்து அப்படியே நிற்கும், அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் மனசு வராது. அன்றும் ஒரு முழு லோடு பெட்டி டிரைலருக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. டிரைலருக்குள் டிரைவர் உட்கார்ந்திருந்தார்.

"வச்சுட்டே வரட்டுமே மேடம், ஒரு நிமிஷ வேலை" என்றார் சூப்பர்வைசர்.

"அந்த ஒரு நிமிஷத்துல அவன் மயங்கி லீவர் மேல சாஞ்சா? யார் தலைல விழும்?" என்று எரிந்து விழுந்தேன். டிரைவரை இறங்கி ஓடச் சொன்னேன். அவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

பொத்தானை அழுத்து என்று நான் கத்தக் கத்த பாஸ்கர் காதில் வாங்கவில்லை. பெட்டி மெதுவாக இறங்கியது. நடுவில் நின்றது. மறுபடி இறங்கியது. டிரைலரில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

"வச்சுட்டேன்" என்றான். அதற்குப் பிறகு கூப்பிட்டால் சத்தமே இல்லை.

டாக்டர் போனில் சொன்னபடி ஆஸ்பிரினை சலீமிடம் கொடுத்து, முழிப்பாக இருந்தால் மென்று தின்ன வைக்கச் சொன்னேன்.

"கேஸ் மாத்திரைதானே சிஸ்டர்?"

"கேஸாவது மண்ணாங்கட்டியாவது. ஏறுடா."

அவன் ஏறினான். கொஞ்ச நேரத்தில், "கண்ணு முழிச்சிக்கினு கீறாரு, மாத்திரை தின்னுட்டாரு" என்று குரல் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் இறக்க வேண்டுமே. இன்னொரு கிரேனில் ஆள் ஏற்றும் கூண்டை மாட்டி, இரண்டு பேர் மேலே போய் அவனைப் படுக்க வைத்து இறக்கினார்கள். வெளியே ரோட்டில் வழக்கம்போல டிரைலர் வரிசை. டிரைவர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டு வண்டிகளை ஓரம் கட்டினார்கள். ஆம்புலன்ஸ் நேரத்தோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது.

அங்கே ஆஞ்சியோ செய்து, அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். வெளியே அவன் மனைவி சுமதி என் கையைப் பிடித்தபடியே நின்றாள். புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு வீடு அவர்களுக்கு. ஆஸ்பத்திரி டாக்டர் வந்து சொன்னார்:

"உயிருக்கு இப்போ பயம் இல்லம்மா. ஆனா இது இன்னைக்கு வந்த வியாதி இல்ல. ரத்தக்குழாய் சுவருக்குள்ள வருஷக்கணக்கா கொழுப்பு படிஞ்சிருக்கு. மேல ஒரு மெல்லிய தோல் மூடியிருக்கும், கட்டி மேல இருக்கிற மாதிரி. அது கிழிஞ்சு, அந்த இடத்துல ரத்தம் உறைஞ்சு வழிய அடைச்சிடுச்சு. இதே மூளைக்குப் போற குழாய்ல நடந்தா பக்கவாதம்."

"யார்டு செக்கப்புல ஈ.சி.ஜி. எடுத்து நல்லா கீதுன்னாங்களே சார்?" என்றாள் சுமதி.

எடுத்தது நான்தான். அந்தத் தாளில் ஒரு குறையும் இல்லை.

"படுத்திருக்கும்போது எடுத்தா நிறைய பேருக்கு நல்லாத்தான் இருக்கும். ஏறும்போது, பாரம் தூக்கும்போதுதான் இதயத்துக்கு அதிக ரத்தம் வேணும். குறுகின குழாயால குடுக்க முடியாது. வலிக்கும், மூச்சு வாங்கும். நின்னா போயிடும். போயிடுதேன்னு விட்டுடுவாங்க, அதுதான் தப்பு. அந்த மாதிரி எதுனா இருந்துச்சா?"

சுமதி இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் ஆட்டுவதை நிறுத்தினாள்.

"எங்க வூடு மூணாவது மாடி சார். கொஞ்ச மாசமா ரெண்டாவது மாடில நின்னு அந்த வூட்டு அக்காகிட்ட பேசினு இருப்பாரு. தெனமும். ஊரே பாக்குது, வெக்கமா இல்லையான்னு நேத்து கூட சண்டை போட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

மறுநாள் வார்டில் பாஸ்கரைக் கேட்டேன், ஏன்யா சொல்லவில்லை என்று.

"சொன்னா கிரேன விட்டு எறக்கிடுவாங்களே சிஸ்டர். ஏணிலயும் யாரும் பாக்காதப்போ நின்னு நின்னுதான் ஏறினு இருந்தேன். வூட்ல சொன்னா அவ உன்கிட்ட வந்து சொல்லிடுவா. அந்த அக்காகிட்ட பேச எனக்கு இன்னா கீது? மூச்சு திரும்புற வரைக்கும் எதுனா பேசணும்ல" என்றான்.

பிழைத்துவிட்டான். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது, இனி கிரேன் ஏற முடியாது. யார்டு ஆபீஸில் உட்கார்ந்த வேலை கொடுத்திருக்கிறார்கள். கொழுப்புக்கும் ரத்தம் உறையாமல் இருக்கவும் தினமும் மாத்திரை. இனி பீடி கிடையாது.

நெஞ்சு வலிக்கிறதா என்று இப்போது நான் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் கேஸ் என்பார்கள். மாடி ஏறும்போது எங்க நிக்கிறே, நின்னு யார்கிட்ட பேசுறே என்றுதான் கேட்கிறேன். நீங்களும் அப்படியே கேளுங்கள். நான் கேட்ட முதல் ஆள் சிரித்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் சிரிக்கவில்லை.